புது பைக்... அஞ்சு மாசம் பார்க்கிங்! வண்டி விதி மாறும்போது நடுவில் சிக்குவது யார்?

2020 மார்ச் மூன்றாவது வாரம். பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரு புது பைக் வந்தது. வாங்கியது பக்கத்து வீட்டு அண்ணன். ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டால் ஆட்டோவுக்குக் கொடுத்தே சம்பளம் கரைகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவர். "பி.எஸ்-4 கடைசி ஸ்டாக் தம்பி, செம தள்ளுபடி" என்று சிரித்துக்கொண்டே சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். எல்லோருக்கும் கேசரி.

அடுத்த சில நாட்களில் லாக்டௌன். ஆர்.டி.ஓ ஆபீஸ் மூடியது. தற்காலிகப் பதிவு எண்ணின் நாள் முடிந்தது. ஜூனில் சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் மறுபடி முழு ஊரடங்கு. ஜூலை கடைசியில், 'பி.எஸ்-4 வண்டிகளை மறு உத்தரவு வரும்வரை பதிவு செய்யக் கூடாது' என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி ஓடவில்லை. படிக்கட்டுக்குக் கீழே கவர் போட்டு நின்ற அந்த பைக்கை, தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைப்பார். அவ்வளவுதான் அவருடைய ரைடு.

அந்த வண்டியில் ஒரு கோளாறும் கிடையாது. அரசு அனுமதித்த மாடல். முழுப் பணம் கட்டி, ரசீதோடு வாங்கியது. அப்புறம் எப்படி ஒரே ராத்திரியில் அது பதிவு செய்ய முடியாத வண்டி ஆனது?

இந்தக் கேள்விக்கான பதில் தெரிஞ்சா, அடுத்த தடவை பைக்கோ காரோ வாங்கும்போது நீங்க அந்த இடத்தில் மாட்ட மாட்டீங்க. கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம்தான். ஆனா கஷ்டமில்லை, வாங்க.

உங்க வண்டிக்கு முன்னாடி ஒரு வண்டி பரீட்சை எழுதியிருக்கு!

ஷோரூமிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் ஆர்.டி.ஓ-வில் யாரும் மோதிப் பார்ப்பதில்லை, பிரேக் தூரத்தை டேப் வைத்து அளப்பதில்லை. அதெல்லாம் முன்னாடியே முடிந்துவிடும். ஒரு கம்பெனி புது மாடல் கொண்டுவரும்போது, அதன் மாதிரி வண்டியை அரசு அங்கீகரித்த சோதனை மையத்துக்கு அனுப்ப வேண்டும். புகை, சத்தம், பிரேக், விளக்கு, காராக இருந்தால் மோதல் சோதனை என வரிசையாகப் பரீட்சை. பாஸ் ஆனால் அந்த மாடலுக்கு ஒரு சான்றிதழ். இதற்குப் பெயர்தான் 'டைப் அப்ரூவல்'. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-வது விதி இதைச் சொல்கிறது.

சான்றிதழ் வாங்கியதோடு கதை முடியாது. பரீட்சை எழுதிய வண்டி ஒன்று, ஃபேக்டரியிலிருந்து வருவது வேறொன்று என்று ஆகிவிடக் கூடாது இல்லையா? அதனால் உற்பத்தியாகும் வண்டிகளிலிருந்தும் அவ்வப்போது எடுத்துச் சோதிப்பார்கள்.

புனேவில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ, ஹரியானா மானேசரில் இருக்கும் ஐகேட் ஆகியவை இந்த மையங்களில் முக்கியமானவை. நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் போய், வாலாஜாபாத் ரோட்டில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். அங்கே மத்திய அரசின் 'குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்' இருக்கிறது. காரை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வகமும், ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் டிராக்கும் அதற்குள்ளேயே உண்டு. தினமும் கம்பெனி பஸ்ஸில் அந்த வழியாகப் போகிற பல பேருக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் நடப்பது தங்கள் அடுத்த வண்டியின் பரீட்சை என்று தெரியாது.

அந்தப் பரீட்சையின் சுருக்கம் உங்க கைக்கும் வருகிறது. புது வண்டி வாங்கும்போது தரும் காகிதக் கட்டில் 'ஃபார்ம் 22' என்று ஒன்று இருக்கும். இந்த வண்டி இன்ன மாசு விதிக்கும் பாதுகாப்பு விதிக்கும் உட்பட்டது என்று தயாரிப்பாளர் தரும் உறுதி அது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஜெனிவாவில் பேனா அசைந்தால்...

சரி, பரீட்சைக்கான சிலபஸை யார் எழுதுவது? இங்கேதான் 'இன்டர்நேஷனல்' விஷயம் உள்ளே வருகிறது.

உங்க வண்டி ஹெட்லைட் கண்ணாடியின் ஓரத்திலோ, டயரின் பக்கவாட்டிலோ உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எண் 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அந்த நாடு இந்தப் பொருளைச் சோதித்து அனுமதி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். 1958-ல் ஜெனிவாவில் கையெழுத்தான ஐ.நா ஒப்பந்தத்தின் அடையாளம் அது. 'நான் சோதித்துக் கொடுத்த சான்றிதழை நீ ஏற்றுக்கொள், நீ கொடுத்ததை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். விளக்கு, பிரேக், சீட் பெல்ட் தொடங்கி காரை ஹேக் செய்வதைத் தடுப்பது வரை 150-க்கும் மேற்பட்ட விதிகள் இதன் கீழ் இருக்கின்றன.

இந்தியா இந்த 1958 ஒப்பந்தத்தில் இல்லை. உலகப் பொதுத் தொழில்நுட்ப விதிகளை உருவாக்கும் 1998-ம் ஆண்டின் வேறோர் ஒப்பந்தத்தில் 2006-ல் சேர்ந்தது. அதாவது, வெளிநாட்டுச் சான்றிதழை நாம் அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நம் விதிகளை எழுதும்போது ஐரோப்பாவையும் ஐ.நா விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். பி.எஸ் விதிகளுக்கு முன்மாதிரி 'யூரோ' விதிகள். கார்களின் முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைக்கான நம் தரநிலைகளுக்கு முன்மாதிரி ஐ.நா-வின் 94, 95-வது விதிகள். சிலபஸ் அங்கே மாறினால், கொஞ்ச வருஷம் கழித்து இங்கேயும் மாறும்.

மாறினால் பழைய சான்றிதழ் என்ன ஆகும்? கிழித்துப் போட மாட்டார்கள். ஐ.நா விதிகள் திருத்தப்படும்போது 'இடைக்கால ஏற்பாடு' என்று ஒரு பகுதியையும் சேர்த்து எழுதுவார்கள். இந்தத் தேதி வரை பழைய விதிப்படி புதுச் சான்றிதழ் வாங்கலாம், அந்தத் தேதிக்குப் பிறகு பழைய சான்றிதழோடு வரும் புது வண்டியை மற்ற நாடுகள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். ஈ குறி பக்கத்தில் இருக்கும் அனுமதி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள், எந்தத் திருத்த வரிசைப்படி அந்தப் பொருள் பாஸ் ஆனது என்பதைக் காட்டும். எந்த வருஷத்து சிலபஸ் என்பது மார்க் ஷீட்டிலேயே அச்சாகியிருக்கிற மாதிரி!

பெரிய பெயர்களுக்கும் இதிலிருந்து தப்பு இல்லை. கார்களின் சைபர் பாதுகாப்புக்கான ஐ.நா-வின் 155-வது விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையில் புது மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது. 2024 ஜூலையில் விற்பனையில் இருந்த எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயமாக்கியது. போர்ஷேவின் பெட்ரோல் மக்கான் நன்றாக விற்றுக்கொண்டிருந்த கார்தான். ஆனால் அதன் பழைய மின்னணுக் கட்டமைப்பைப் புது விதிக்கு மாற்றுவது கட்டுப்படியாகாது என்று, அந்தத் தேதிக்கு முன்பே ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். மற்ற பல நாடுகளில் அதே கார் தொடர்ந்து விற்றது. கார் ஒன்றுதான், சான்றிதழின் ஆயுள் மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

புதுசுக்கு ஒரு தேதி... பழசுக்கு ஒரு தேதி!

இந்தியாவிலும் அதே வழக்கம்தான். புதிதாக அனுமதிக்கு வரும் மாடலுக்கு ஒரு தேதி. ஏற்கெனவே அனுமதி வாங்கி ஃபேக்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் மாடலுக்கு இன்னொரு தேதி.

டூவீலர் ஏ.பி.எஸ் நல்ல உதாரணம். 125 சி.சி-க்கு மேல் உள்ள புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1, ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1. ஒரு வருஷ அவகாசம். கார்களின் மோதல் சோதனைக்கு புது மாடல்களுக்கு 2017 அக்டோபர் 1, பழைய மாடல்களுக்கு 2019 அக்டோபர் 1. இரண்டு வருஷ அவகாசம்.

இந்த அவகாசம் சும்மா கொடுப்பதில்லை. சில மாடல்கள் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் தம்மை மாற்றிக்கொள்ளும். சில மாடல்களால் முடியாது.

மாருதி ஆம்னி ஞாபகம் இருக்கா? ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், கல்யாண வீட்டு வண்டி, தமிழ் சினிமாவில் கடத்தல் வண்டி என 1984-லிருந்து எல்லா வேஷமும் கட்டியது. மூக்கே இல்லாத முகம் அதற்கு. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் மெல்லிய தகடு, அடுத்து ரோடு. முன்பக்க மோதல் சோதனை என்பது காரின் மூக்கு நசுங்கி, உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பது. நசுங்க மூக்கே இல்லாத வண்டி என்ன செய்யும்? 2019-ல் ஆம்னி விடைபெற்றது. அதே வருஷம் ஜிப்ஸியும் போனது. அதே கம்பெனியின் ஈகோவை முன்பக்கம் பலப்படுத்திப் புது விதிக்குள் கொண்டுவந்தார்கள். அது இன்னும் ஓடுகிறது.

நம்ம ஏரியா கதை ஒன்றும் உண்டு. புல்லட் 500, கிளாசிக் 500, தண்டர்பேர்ட் 500. திருவொற்றியூரும் ஒரகடமும் உலகத்துக்குக் கொடுத்த ராயல் என்ஃபீல்டின் அடையாளங்கள் இவை. பி.எஸ்-6 வரப்போகிறது என்றதும் கம்பெனி கணக்குப் போட்டது. 350-ஐ ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு மாற்றி எடுத்தார்கள். 500-ஐ மாற்றவில்லை. 2020-ன் தொடக்கத்தில் 'டிரிப்யூட் பிளாக்' என்ற கடைசிப் பதிப்போடு கிளாசிக் 500-க்கு விடை கொடுத்தார்கள். 500-ஐ யாரும் தடை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் பழைய சான்றிதழை வைத்து இனிமேல் புது வண்டி விற்க முடியாது, புதுச் சான்றிதழ் வாங்க ஆகும் செலவுக்கு எதிர்பார்க்கும் விற்பனை போதாது. பெரும்பாலான மாடல்கள் இப்படித்தான் காணாமல் போகின்றன. 2023-ல் ஆல்ட்டோ 800-ம், ஒரகடத்தில் உருவான க்விட் 800-ம் நின்றதும் இதே கணக்கில்தான். ரோட்டில் ஓடும்போதே புகையை அளக்கும் பி.எஸ்-6 இரண்டாம் கட்ட விதி அந்த ஏப்ரலில் வந்தது.

இதுவரைக்கும் நஷ்டம் எல்லாம் கம்பெனிக்கு. உங்களுக்கு எப்போது வரும்?

தயாரித்த தேதியா, விற்ற தேதியா?

2017 மார்ச் 30, 31. ஷோரூம் வாசல்களில் ரேஷன் கடை மாதிரி கூட்டம் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். டூவீலர்களுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்கூட தள்ளுபடி. பல கடைகளில் மார்ச் 31 மதியத்துக்குள்ளேயே 'ஸ்டாக் இல்லை' போர்டு.

காரணம், மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-4 கட்டாயம் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பெனிகள் அதை 'அந்தத் தேதியிலிருந்து பி.எஸ்-3 வண்டியைத் தயாரிக்கக் கூடாது' என்று புரிந்துகொண்டன. 2005-லும் 2010-லும் விதி மாறியபோது, கையில் இருந்த ஸ்டாக்கை விற்க விட்டார்கள். அதே மாதிரி இப்போதும் விடுவார்கள் என்ற நம்பிக்கை. நீதிமன்றமோ 'விற்கவும் கூடாது, பதிவு செய்யவும் கூடாது. மார்ச் 31-க்குள் விற்றதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் பதிவு' என்று சொன்னது. கம்பெனிகளின் வியாபாரத்தைவிட மக்களின் மூச்சுக்காற்று முக்கியம் என்பது நீதிமன்றத்தின் நிலை. அப்போது நாடு முழுக்க விற்காமல் நின்ற பி.எஸ்-3 வண்டிகள் சுமார் 8.24 லட்சம். அதில் 6.7 லட்சத்துக்கும் மேல் டூவீலர்கள்.

எல்லா வண்டிக்கும் டைப் அப்ரூவல் இருந்தது. ஒரே ஒரு வினைச்சொல்லில்தான் சண்டை. தயாரிப்பதா, விற்பதா?

அடுத்த முறை அரசு கொஞ்சம் முன்ஜாக்கிரதையாக இருந்தது. 2020 ஏப்ரல் 1-க்கு முன் தயாரான பி.எஸ்-4 வண்டிகளை ஜூன் 30 வரை பதிவு செய்யலாம் என்று 2018 பிப்ரவரியில் விதி போட்டது. 2018 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று மாத அவகாசத்தையும் எடுத்துவிட்டது. ஏப்ரல் 1-க்குப் பிறகு நாட்டில் எங்கேயும் பி.எஸ்-4 வண்டி விற்பனையும் கிடையாது, பதிவும் கிடையாது.

இது ஒன்றரை வருஷம் முன்னாடியே சொன்னது. அதனால் கம்பெனிகள் பெரும்பாலும் தயாராகிவிட்டன. ஆனால் கொரோனா வரும் என்று யாருக்குத் தெரியும்? கடைசி வாரத்தில் கடைகள் மூடின. மார்ச் 27-ல், லாக்டௌன் முடிந்ததும் பத்து நாளில் மீதி ஸ்டாக்கில் பத்து சதவீதத்தை விற்கலாம் என்று நீதிமன்றம் சலுகை கொடுத்தது. அனுமதித்ததைவிட அதிகமாக விற்றதாகத் தெரிந்ததும் ஜூலை 8-ல் அதைத் திரும்பப் பெற்றது. ஜூலை 31-ல் பதிவுக்கே தடை. ஆகஸ்ட் 13-ல்தான் தெளிவு பிறந்தது. மார்ச் 31-க்குள் விற்று, அரசின் 'வாஹன்' தளத்தில் விவரம் ஏற்றிய வண்டிகளைப் பதிவு செய்யலாம். மற்றவை முடியாது.

எங்கள் தெரு அண்ணனின் வண்டி தப்பித்தது அந்த ஒரு வரியில். டீலர் மார்ச்சிலேயே விவரத்தை ஏற்றியிருந்தார். ஏற்றாமல் விட்டிருந்தால்? முழுப் பணம் கட்டியவர் கையில், ரோட்டுக்கு வர முடியாத இரும்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

இந்த விஷயத்தில் என் கருத்து இதுதான். காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. பி.எஸ்-6-ல் எரிபொருளின் கந்தக அளவே 50 பி.பி.எம்-லிருந்து 10 ஆகக் குறைந்தது. ஜி.எஸ்.டி ரோட்டில் தினமும் புகையைக் குடிக்கும் நமக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் விதி மாறும்போது கம்பெனிக்கு வருஷக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது, வக்கீல் வைத்துப் பேச வசதியும் இருக்கிறது. ஏற்கெனவே ஆர்.சி வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பணம் கட்டிவிட்டு ஆர்.சி-க்காகக் காத்திருக்கிறாரே ஒருவர், ஷோரூமுக்கும் ஆர்.டி.ஓ-வுக்கும் நடுவில்? அவருக்குத்தான் யாரும் அவகாசம் எழுதி வைப்பதில்லை. தயாரிப்பு, விற்பனை, பதிவு என்ற மூன்று தேதிகளையும் விதியிலேயே தனித்தனியாகச் சொல்லிவிட்டால், பணம் கட்டியவர் கோர்ட் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஓடும் வண்டிக்கு என்ன ஆகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூர் சிக்னலில் ரெண்டு நிமிஷம் நின்று பாருங்கள். கார்புரேட்டர் காலத்து ஸ்ப்ளெண்டர், பி.எஸ்-4 பல்சர், பி.எஸ்-6 ஸ்கூட்டி, சத்தமே இல்லாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், நடுவில் வயசான ஓர் ஆம்னி. அஞ்சு வண்டி, அஞ்சு சிலபஸ். எல்லாமே சட்டப்படி ஓடுகின்றன. பதிவாகிவிட்ட வண்டியைப் பின்னால் வரும் டைப் அப்ரூவல் விதி பொதுவாகத் தொடாது. புகைச் சோதனையில்கூட உங்க வண்டியை அதன் காலத்து அளவுகோலில்தான் அளப்பார்கள். பி.எஸ்-3 வண்டியிடம் பி.எஸ்-6 மார்க் கேட்க மாட்டார்கள்.

ஆனால் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, வயசு. சொந்த வண்டியின் ஆர்.சி 15 வருஷம். அதற்குப் பிறகு தகுதிச் சோதனையோடு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் கூடியது. டெல்லியில் இன்னும் கடுமை. அங்கே 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்கு எதிரான உத்தரவுகள் பல வருஷமாக இருக்கின்றன. 'டெல்லி நம்பர் கார், பாதி விலை' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், விலை ஏன் பாதி என்று இப்போது உங்களுக்கே புரியும்.

இரண்டாவது, நீங்களே செய்யும் மாற்றம். பரீட்சை பாஸ் ஆனது கம்பெனி சைலன்சரோடும் கம்பெனி விளக்கோடும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 'பட பட' சைலன்சர் மாட்டினால், அனுமதி வாங்கிய வண்டியும் உங்க வண்டியும் வேறு வேறு. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இன்ஸ்டா ரீலில் நன்றாக இருக்கும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதுதான் இந்தக் கேள்வி எழும்.

மூன்றாவது, கொஞ்சம் பெரிய விஷயம். பெட்ரோல். வண்டியின் விதி மாறவில்லை, ஆனால் அது குடிக்கும் எரிபொருள் மாறிவிட்டது. 2023-க்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகள் அதிகபட்சம் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக உருவானவை. ஓனர் மேனுவலிலும் அப்படித்தான் இருக்கும். 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வந்தது 2023 ஏப்ரலிலிருந்து. 2025-ல் நாடு முழுக்க பங்குகளில் 20 சதவீதக் கலப்புதான் வழக்கமாகிவிட்டது. 'அதில்லாத பெட்ரோல் கொடுங்க' என்று கேட்க பெரும்பாலான பங்குகளில் வேறு குழாய் இல்லை. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே பழைய வடிவமைப்பு டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று கணக்கிட்டிருந்தது. பெரிய பாதிப்பு இல்லை என்பது அரசின் பதில். எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். சான்றிதழில் எழுதிய எரிபொருள் ஒன்று, பங்கில் கிடைப்பது இன்னொன்று. இங்கேயும் நடுவில் நிற்பவர் யார் என்று பாருங்கள். மறுபடியும் நாமதான். உங்க வண்டி 2023-க்கு முந்தையது என்றால், ஃபியூயல் ஹோஸ், ரப்பர் சீல் இதையெல்லாம் சர்வீஸில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 20 சதவீதத்துக்கு ஏற்ற மாற்றுப் பாகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வாங்கும் முன் அஞ்சு நிமிஷம்

டூவீலருக்கு அடுத்த மாற்றமும் எழுதப்பட்டாச்சு. சின்ன பைக், ஸ்கூட்டர் என்று பார்க்காமல் புது டூவீலர்களுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம் என்று 2025 ஜூனில் வெளியான வரைவு விதி சொன்னது. அதில் குறித்திருந்த தேதி 2026 ஜனவரி 1. இப்படி ஒவ்வொரு தேதி நெருங்கும்போதும் ஷோரூமில் ஒரு தள்ளுபடி காத்திருக்கும். தள்ளுபடி தப்பில்லை. எதற்காகத் தருகிறார்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

வண்டி தயாரான மாதத்தைக் கேளுங்கள். ஃபார்ம் 22-ஐ வாங்கி, எந்த விதிக்கு உட்பட்ட வண்டி என்று படியுங்கள். புது விதி வரும் தேதி பக்கத்தில் இருந்தால், அது தயாரிப்புக்கா, விற்பனைக்கா, பதிவுக்கா என்று கேளுங்கள். சேல்ஸ்மேன் முழித்தால், அதுவே ஒரு பதில்! முழுப் பணம் கட்டிய அன்றே வாஹன் தளத்தில் விவரம் ஏறிவிட்டதா என்று கேட்டு, விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்' என்ற வார்த்தையை ஆர்.டி.ஓ-வில் காட்ட முடியாது. பழைய வண்டி வாங்குகிறீர்களா? எம்-பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பதிவான தேதியும், எந்த பி.எஸ் வண்டி என்பதும் வந்துவிடும். டீக்கு ஆர்டர் சொல்லிட்டு, அது வர்றதுக்குள்ள முடிகிற வேலை.

எங்கள் தெரு அண்ணனுக்கு ஆர்.சி வந்தது 2020 ஆகஸ்ட் கடைசியில். தாம்பரம் நம்பர் பிளேட்டை மாட்டிவிட்டு முதல் ரவுண்டு வண்டலூர் வரை போய் வந்தார். போன மாதம் அவருடைய தங்கைக்கு ஸ்கூட்டர் வாங்க ஷோரூமுக்குக் கூடவே நானும் போனேன். கலர் எது, மைலேஜ் எவ்வளவு என்று தங்கை விசாரித்துக்கொண்டிருக்க, அண்ணன் கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வாஹன்ல எப்போ ஏத்துவீங்க? நான் இங்கயே நிக்கிறேன், ஏத்திட்டுச் சொல்லுங்க."